வந்துட்டா

படத்தின் கடைசி வசனம் ஒரே ஒரு சொல்.
ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடம், ஏழாவது வினாடி.
எதிர் பிளாட்டின் பதினான்காம் மாடியில் விளக்கு அணைகிறது.
இருநூறு இரவுகள் அந்த விளக்கையே பார்த்திருந்தவன்,
அதற்காக வேலையை விட்டவன்,
எரிந்தால் 'பொறு', அணைந்தால் 'இதோ'
என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்தவன்,
ஜன்னல் கம்பியில் நெற்றியை அழுத்தி,
முழங்கை வாயை மறைக்கச் சொல்கிறான்:
வந்துட்டா.
பிறகு இருட்டு. பிறகு பெயர்கள்.

செந்தூலில், என் சமையலறை மேசையில்,
இதற்கு நான் மலாய் வசனவரி போடவேண்டும்.
நிமிடத்துக்கு எட்டு வெள்ளி.

வந்துவிட்டாள் என்றால், டியா டா சம்பாய்.
கதவுக்கு வெளியே ஒருத்தி நிற்கிறாள், மூச்சு வாங்க,
பதினான்கு மாடி இறங்கி, பன்னிரண்டு மாடி ஏறி.
வந்துவிட்டால் என்றால், காலாவ் டியா சம்பாய்.
கதவுக்கு வெளியே செருப்பு அலமாரி மட்டும்.
ஒரு ளகரத்தையோ ஒரு லகரத்தையோ விழுங்கிவிட்டு
எதைத் தின்றோம் என்று சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறது
நம் பேச்சுத் தமிழ்.

பதினொரு இரவு கேட்டேன்.

தம்பி தயாளன் ஹாலில் துணி மடித்துக்கொண்டிருக்கிறான்.
அவனுக்கு ஒரு காலத்தில் வானொலியில் ஒருத்தி இருந்தாள்.
இரவு பத்து மணிக்கு வருவாள்.
'இந்தப் பாடல் உங்களுக்காக' என்பாள்.
லாரி ஓட்டுபவர்கள், இரவு வேலை நர்ஸுகள், கார்டுகள்,
ஜொகூர் வரைக்கும் விழித்திருந்த அத்தனை பேரும்
அந்த 'உங்களுக்காக'வில் இருந்தார்கள்.
தயாளன் அதை மரியாதை ஒருமை என்று எடுத்துக்கொண்டான்.
இலக்கணப்படி தப்பில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் நிலைய வாசலுக்கு
மூன்று கிலோ மங்குஸ்தீன் கொண்டுபோனான்.
கார்டு தின்றிருப்பார்.
அவள் விடுப்பில் போன வாரம்
தன்னைத் தேடித்தான் கிளம்பிவிட்டாள் என்று
வீட்டுக்கு வெள்ளையடித்தான்.
வெள்ளி வரைக்கும் அடித்தான். திங்கட்கிழமை
அவள் குரல் திரும்ப வந்தது, நன்றாக ஓய்வெடுத்தேன் என்றது.
பாதிச் சுவர் இன்னும் பழைய பச்சை.

'உனக்குக் கேக்கலையாக்கா?' என்று
என் காதில் வைத்தபோது எனக்குக் கேட்டது
பற்பசை விளம்பரம்.
டாக்டர் அவனிடம் முதலில் விசாரித்தது அவளைப் பற்றியல்ல.
ராத்திரி தூக்கம் எப்படி என்றுதான்.
இப்போது மாதம் ஒரு ஊசி. கார் கழுவும் கடையில் வேலை.
அந்தக் கடையில் ரேடியோ இல்லை என்பதால் அந்த வேலை.

நேற்று இயக்குநர் கமலநேசனுக்கு எழுதினேன்,
அவள் வந்தாளா, வந்தால் என்றானா என்று.
பதில் இன்று மாலை:
'சிஸ், அந்த இடத்தில் வசனமே இல்லை.
ஸ்கிரிப்டைப் பாருங்கள். அங்கே காற்று மட்டும்தான் வைத்தோம்.
கையால் வாயை மூடச் சொன்னதே
ஏதும் சொன்னானா என்று ஜனங்கள் குழம்பட்டும் என்றுதான்.'

மறுபடி போட்டேன். சொல்கிறான்.
ஒலியைக் குறைத்தேன். சொல்கிறான்.
ஒலியை முழுக்க மூடிவிட்டுப் போட்டேன்.
அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

கமலநேசன் பொய் சொல்லலாம். இயக்குநர்கள் சொல்வார்கள்.
யாரோ ஒருவன் கலவை மேசையில்
வேறொரு காட்சியின் குரலைத் தவறி இழுத்து விட்டிருக்கலாம்.
இப்படி இன்னும் நாலு காரணம்
ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.
தாளைப் பார்த்ததும் படத்து நோட்டு ஞாபகம் வந்தது.
கவிழ்த்து வைத்தேன்.

தயாளனைக் கூப்பிட்டேன்.
ஈரக்கையைச் சட்டையில் துடைத்து ஹெட்போனை மாட்டினான்.
கண்ணை மூடிக்கொண்டான். வெளியே
கொமுட்டர் ரயில் ஒன்று முழுதாகக் கடந்து போனது.
விளக்கு அணைந்தது, கறுப்பு, பெயர்கள்,
பெயர்களில் என் பெயரும், எழுத்துப் பிழையோடு.

கண் திறந்து என்னைப் பார்த்தான்,
பச்சைச் சுவருக்கு முன்னால் அன்று நான் அவனைப் பார்த்ததுபோல.
'ராத்திரி நல்லாத் தூங்குறியாக்கா?'

கேட்டானே தவிர ஹெட்போனைக் கழற்றவில்லை.
இன்னொரு தரம் போடு என்று
விரலை மட்டும் காட்டினான்.